ஐப்பசிக் குளிருக்கு எந்த ஜாக்கெட்?

1989-ல் தில்லிக்கு வந்த புதிதில், "இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஒரு ஜாக்கெட் வாங்க வேண்டும்" என்று ஊருக்குக் கடிதம் எழுதினேன். "உனக்கு எதற்கடா ஜாக்கெட்?" என்று அம்மா பதில் போட்டிருந்தாள். ரவிக்கையைத்தானே நம் வீடுகளில் அப்படிச் சொல்வது! அன்று சிரித்துவிட்டேன். ஆனால் எதற்கு ஜாக்கெட், எந்த ஜாக்கெட் என்று எனக்கே புரிய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

இங்கே குடியேறும் நம்மவர்கள் ஜனவரிக் குளிரைப் பற்றிக் கேட்டுப் பயந்து, முதல் வருஷமே கனமான கோட்டாக வாங்கிவிடுகிறோம். அதற்கு முன்னால் வரும் ஐப்பசி, கார்த்திகைக்கு நம்மிடம் ஒன்றும் இருப்பதில்லை.

சென்னையில் அது மழைக்காலம். மேகமும் ஈரக்காற்றும் இருப்பதால் பகலுக்கும் இரவுக்கும் ஏழெட்டு டிகிரிதான் வித்தியாசம். தில்லியிலோ செப்டம்பர் கடைசியில் மழை விலகியதும் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடும், காற்றும் உலர்ந்துவிடும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரியில் மளமளவென்று விட்டுவிடும். நவம்பரில் பகல் 28 டிகிரி என்றால் விடியற்காலை 13. இந்திக்காரர்கள் இதற்கு 'குலாபி டண்ட்' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரோஜாக் குளிராம்! ரோஜாவுக்கு முள் உண்டு என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

2012 தீபாவளிக்குக் கும்பகோணத்திலிருந்து அப்பா வந்திருந்தார். விடியற்காலை ஐந்தரைக்கு நடக்கப் போவது அவர் வழக்கம். என் கோட்டைக் கொடுத்தேன். "இதை எவன் சுமப்பான்? எட்டு மணிக்கு வெயில் வந்துடும்" என்று சொல்லிவிட்டு, அரைக்கைச் சட்டையும் துண்டுமாகக் கிளம்பிவிட்டார். நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டாக்டர் பனியையும் புகையையும் சேர்த்தே குற்றம் சொன்னார். பத்து நாள் படுக்கை. "சொன்னால் கேட்டால்தானே" என்று அப்பாவைக் கடிந்துகொண்டேன்.

தவறு என்னுடையது. எட்டு மணிக்கு வெயில் வரத்தான் செய்தது. அவர் போட்டுக்கொள்ளக்கூடியதாக என் வீட்டில் எதுவும் இல்லை.

ஆகவே என் கட்சி இதுதான்: முதல் காசை மெல்லிய ஜாக்கெட்டுக்குச் செலவழியுங்கள், கனத்த கோட்டு பிறகு வரட்டும். முன்பக்கம் முழுவதும் ஜிப் இருக்க வேண்டும். தலைவழியே மாட்டும் ஸ்வெட்டரைப் பஸ்ஸிலோ மெட்ரோவிலோ கழற்ற முடியாது. மேல்துணி காற்றை மறிக்க வேண்டும். ஸ்கூட்டரில் போகிறவர்களுக்கு இது முக்கியம். கம்பளி நூல் ஸ்வெட்டர் எவ்வளவு தடிமனானாலும் கண் வழியே காற்று நுழைந்துவிடும். உள்ளே ஒரு ஸ்வெட்டர் போட இடம் இருந்தால் அதே ஜாக்கெட் டிசம்பருக்கும் ஆகும். உள் லைனிங்கைத் தனியாகக் கழற்றும்படி இருந்தால் இன்னும் உத்தமம். சுருட்டினால் பைக்குள் அடங்க வேண்டும், வீட்டிலேயே துவைக்க முடிய வேண்டும். புடவை கட்டுபவர்கள் இடுப்புக்குக் கீழே இறங்கும் நீளமாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தைகளுக்கு 'அடுத்த வருஷத்துக்கும் ஆகும்' என்று தொளதொளவென்று எடுக்காதீர்கள். கழுத்திலும் கையிலும் குளிர் புகுந்துவிடும்.

இதற்கெல்லாம் பெரிய கடை ஏற வேண்டியதில்லை. காஷ்மீரி கேட் பக்கம் திபெத்தியர்களின் மானஸ்டரி மார்க்கெட்டில் பொறுமையாகத் தேடினால் கிடைக்கும்.

அடுத்த முறை அப்பா வந்தபோது சாம்பல் நிறத்தில் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மறு பேச்சில்லாமல் போட்டுக்கொண்டு போனார். எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது அது அவர் தோளில், துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்கு ஊரிலிருந்து பெற்றோரை வரவழைப்பவர்கள், ரயில் டிக்கெட் எடுத்த கையோடு இதையும் வாங்கி வையுங்கள்.