கடன் முதலில், பங்கு பிறகு

கடந்த தவணையில் எமது தமிழ் இலக்கிய மன்றம் நடத்திய விவாதத்தின் தலைப்பு, "பரம்பரைச் சொத்துக்கு வரி விதிப்பது நியாயமே" என்பதாகும். நான் எதிரணியில் பேசினேன். எதிர்த்தரப்புச் சகோதரி ஒருவர், அடிமைகளின் உழைப்பில் சேர்ந்த செல்வத்துக்கு இன்றைய வாரிசுகள் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் வாதிட்டார். "பாட்டன் செய்த தவறுக்குப் பேரன் தண்டம் கட்டுவதா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். மண்டபம் கைதட்டியது. எமது அணி வென்றது.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "உங்க அப்பா மௌத்தானபோது நாங்க என்ன செய்தோம் என்று ஞாபகம் இருக்கா மகள்?" என்று மட்டும் கேட்டார்.

ஞாபகம் இருந்தது. வாப்பாவின் வாப்பா ஹட்டன் நகரில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். அவர் வஃபாத்தாகி மூன்று வருடங்களாகின்றன. பங்கு பிரிப்பதற்கு முன்னர் வாப்பா, சாச்சா, மாமிமார் எல்லோரும் கடைக் கொப்பிகளோடு உட்கார்ந்தார்கள். ஒரு பழைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில், லயத்தில் இருக்கும் ஒரு வயதான அம்மாவின் பெயரும் 18,000 ரூபாயும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. அவர் சீட்டுக் காசை அப்பாவிடம் அமானிதமாகக் கொடுத்து வைத்திருந்திருக்கிறார். ரசீது இல்லை, சாட்சி இல்லை. அவர் வந்து கேட்கவும் இல்லை. வாப்பா தோட்டத்துக்குப் போய் அந்தக் காசைக் கொடுத்துவிட்டு வந்தார். "பெரிய மொதலாளி எழுதி வச்சிருந்தாரா?" என்று அந்த அம்மா அழுதாராம். அதன் பிறகுதான் பங்கு பிரிக்கப்பட்டது.

அந்தக் காசை வாங்கியது வாப்பாவும் அல்ல, மாமிமாரும் அல்ல. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனாலும் கொடுக்க வேண்டியிருந்தது. நான் மேடையில் சொன்ன வாதம் எங்கள் வீட்டுக்குள்ளேயே செல்லுபடியாகவில்லை.

இது எங்கள் குடும்பத்தின் பெருந்தன்மை அல்ல, மார்க்கத்தின் சட்டம். சூரா அந்நிஸா வாரிசுகளின் பங்குகளை வகுக்கும்போது, மரண சாசனமும் கடனும் தீர்ந்த பிறகே அவை என்று திரும்பத் திரும்ப நிபந்தனை இடுகிறது. கடன் வைத்து இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்குத் தொழுகை நடத்த நபி (ஸல்) அவர்கள் தயங்கியதையும், அபூ கதாதா (ரழி) அவர்கள் அக்கடனைப் பொறுப்பேற்ற பின்னரே தொழுவித்ததையும் நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். இறந்தவரின் பாவம் பிள்ளைக்கு வராது. அவரது கடனைப் பிள்ளை தன் சொந்தக் கையிலிருந்து கட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அவர் விட்டுச் சென்ற சொத்தின் மேல் அந்தக் கடன் நிற்கிறது. சொத்து வேண்டும், கடன் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

இந்த அளவுகோலை உலக வரலாற்றில் வைத்துப் பார்த்தேன். பிரித்தானியா 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை இயற்றியபோது 2 கோடி பவுண் நட்டஈடு கொடுத்தது. அது அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்த முதலாளிமாருக்கு! அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதி 2015இல்தான் தீர்க்கப்பட்டது. 1833இன் தவறில் எந்தப் பங்கும் இல்லாத 2015இன் மக்கள் வரி கட்டி அதைத் தீர்த்தார்கள். அப்போது யாரும் "பாட்டன் வாங்கியதற்கு நான் கட்டுவதா" என்று கேட்கவில்லை.

அந்த நட்டஈட்டைப் பெற்றவர்களுள் ஒருவர் ஜோன் கிளாட்ஸ்டன். அடிமைகள் விடுதலையானதும் அவர் 1838இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களைக் கயானாவிலுள்ள தமது தோட்டங்களுக்குக் கொண்டுபோனார். 2023 ஆகஸ்ட்டில் அவரது வழித்தோன்றல்கள் கயானாவுக்குச் சென்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள்.

எமது மலைகளின் கதையும் அதே காலத்தில்தான் தொடங்குகிறது. இலங்கையில் அடிமை முறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்தவர்கள் சட்டப்படி அடிமைகள் அல்லர். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அவர்கள் கடனோடுதான் வந்து சேர்ந்தார்கள். கங்காணி கொடுத்த முற்பணம், வழிச்செலவு, சாப்பாடு, கம்பளி எல்லாம் அவர்கள் பேரில் எழுதப்பட்டன.

அந்தக் கடனுக்கு ஒரு காகிதமும் இருந்தது. அதன் பெயர் "துண்டு". ஒரு தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், அவரது கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டு தேவை. புதிய தோட்டம் அந்தக் கடனைத் தீர்த்தால்தான் அவரை எடுக்கலாம். ஆள் கைமாறினால் கடனும் கூடவே கைமாறும். 1921இல்தான் அந்த முறையைச் சட்டம் ஒழித்தது.

இதிலிருந்துதான் எனது கேள்வி பிறக்கிறது. தொழிலாளி இடம் மாறும்போது கடன் கூடவே போகும் என்று எழுதி வைத்தது தோட்ட நிர்வாகமே. அப்படியென்றால் தோட்டம் கைமாறும்போது, தொழிலாளிக்குத் தோட்டம் கொடுக்க வேண்டிய கடனும் கூடவே போக வேண்டாமா?

தோட்டங்கள் கைமாறின. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. பழைய உரிமையாளர்களுக்கு நட்டஈடு வழங்கச் சட்டத்தில் இடம் இருந்தது. கொழுந்து பறித்தவர்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 1992இல் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. பின்னர் காணிகள் 53 வருடக் குத்தகைக்கு விடப்பட்டன. இத்தனை கைமாற்றங்களிலும் தொழிலாளருக்காக யாரும் ஒரு துண்டு எழுதவில்லை.

எழுதியிருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பறித்த உரிமை இருந்திருக்கும். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசுகள் பங்கு பிரித்த மனிதர்கள் இருந்திருப்பார்கள். எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பறாவில் கழிந்த தலைமுறைகளும் இருந்திருக்கும். நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வந்ததே 2021இல்தான். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு உறுதி இல்லாததால் லயத்துப் பிள்ளைக்குத் தாய் தகப்பனிடமிருந்து வருவது பெரும்பாலும் பெயரும் தொழிலும் மட்டுமே. பரம்பரைச் சொத்துக்கு வரி சரியா பிழையா என்று நாங்கள் விவாதித்தோம். பரம்பரைச் சொத்தே இல்லாத மக்கள் மண்டபத்துக்கு வெளியே, எதிர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியானால் கண்டிச் சிங்கள விவசாயிகள்?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அவர்கள் பயன்படுத்தி வந்த காடுகளையும் சேனைகளையும் அரசு நிலமாக்கி, தோட்டக்காரர்களுக்கு வழிவிட்டது. அவர்களுக்கும் கடன் உண்டு. ஒருவருக்குப் பலர் கடன் கொடுத்திருந்து, சொத்து போதாவிட்டால், அவரவர் கடனின் விகிதப்படி பகிர வேண்டும் என்பதே எமது சட்டம். ஒருவரைக் காட்டி மற்றவரை விரட்டுவதற்கு அங்கே இடமில்லை.

நாங்களும் கணக்கில் இருக்கிறோம். ஹட்டன், நுவரெலியாக் கடைத் தெருக்கள் தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே வளர்ந்தன. எனது பாடசாலைச் சப்பாத்தில் லயத்து மக்களின் காசும் இருக்கிறது. அது ஹலாலான வியாபாரம்தான், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் அவர்களது உரிமை பேசப்படும்போது "அது அவங்கட பிரச்சினை" என்று நாம் ஒதுங்கலாகாது.

இனி வரிக்கு வருகிறேன். பிரித்தானியாவில் 3,25,000 பவுணுக்கு மேற்பட்ட பரம்பரைச் சொத்துக்குப் பொதுவாக நூற்றுக்கு 40 வீத வரி உண்டு. இலங்கையிலும் அப்படியொரு வரி இருந்து, 1980களில் நீக்கப்பட்டது. அது மீண்டும் வருமானால், மிகப் பெரிய சொத்துகளுக்கு மட்டும் வர வேண்டும். ஒரு கடையும் ஒரு வீடும் விட்டுச் செல்பவரின் யதீம் பிள்ளைகளை அது தொடக்கூடாது. எனது பழைய அச்சத்தில் இவ்வளவு சரியாகத்தான் இருந்தது. வரும் பணத்தில் ஒரு பகுதி தோட்டப் பாடசாலைகளுக்கென்று சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

அதைவிட முக்கியமானது காணி. குத்தகை 2045இல் முடிகிறது. அப்போது நான் நாற்பதை நெருங்கியிருப்பேன். தோட்டங்கள் மீண்டும் ஒருமுறை கைமாறும். அதற்கு முன்னர் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுக் காணி அளந்து, கணவன் மனைவி இருவர் பெயரிலும் உறுதி எழுதிக் கொடுக்கப்பட வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் மீதிக் கடனையும் ஏற்றுக்கொண்டே எடுக்க வேண்டும்.

அடுத்த தவணை அதே தலைப்பில் விவாதம் வைத்தால், இன்ஷா அல்லாஹ், நான் மறு அணியில் பேசுவேன். கைதட்டல் கிடைக்குமோ தெரியாது. அப்பாவின் பழைய கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போக வாப்பா அனுமதி தந்திருக்கிறார்.