கேஷியர் பேரேடு எழுதினால்...

பி.காம் படிக்கிற பையனுக்கு டிரைவரைப் பற்றியும் நெட்வொர்க்கைப் பற்றியும் என்னடா பேச்சு என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு ராத்திரி முழுக்க அழ வைத்த விஷயத்தைப் பற்றி எழுத கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் தேவையில்லை என்பது என் கட்சி.

கதை இதுதான். சித்தப்பா கொடுத்த பழைய லேப்டாப் என்னுடையது. விண்டோஸ் போட்டால் ஆமை வேகம், அதனால் லினக்ஸ். உள்ளே இருந்த வைஃபை கார்டு செத்துப்போனதும், மலிவாக ஒரு யூஎஸ்பி டாங்கிள் வாங்கினேன். கூடவே ஒரு சிடி. அதிலிருந்த டிரைவரை பக்கத்து அறை அண்ணன் உட்கார்ந்து கம்பைல் செய்து கொடுத்தார். நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாளுக்கு முந்தின நாள் லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. அடுத்த நாள் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் டாங்கிள் பேச்சு மூச்சில்லை. மறுபடி கம்பைல் செய்தால் திரை முழுக்க எரர். அண்ணனோ ஊருக்குப் போய்விட்டார். கெடு நள்ளிரவு 12 மணி. இன்டர்னல் மார்க் 25.

ஃபைலையாவது போனுக்கு மாற்றி அங்கிருந்து அனுப்புவோம் என்று கேபிளைச் செருகினேன். போனில் 'யூஎஸ்பி டெதரிங்' என்ற பொத்தான் கண்ணில் பட்டது. சும்மா தட்டிப் பார்த்தேன். ஐந்து விநாடி. லேப்டாப்பில் இணையம் வந்துவிட்டது! சிடி இல்லை, கம்பைல் இல்லை, அண்ணன் இல்லை. ரிப்போர்ட் போய்ச் சேர்ந்தது.

நிம்மதியில் தூங்கியிருக்க வேண்டும். தூக்கம் வரவில்லை. இந்த லேப்டாப் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு போன் ஐந்து விநாடியில் ஒட்டிக்கொண்டது. இணையத்துக்கென்றே காசு கொடுத்து வாங்கிய டாங்கிள் கைவிட்டது. ஏன்? அதைத் தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்ததை, எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று ஒன்று வரும். பணப்பெட்டியைக் கையாளுகிறவன் பேரேடு எழுதக்கூடாது. பேரேடு எழுதுகிறவன் பணப்பெட்டியைத் தொடக்கூடாது. இருவருக்கும் நடுவில் போய் வருவது ஒரு வவுச்சர் மட்டுமே. எந்த அறையில் எத்தனை நோட்டு இருக்கிறது என்ற கவலை கணக்குப்பிள்ளைக்கு இல்லை. எதற்காகப் பணம் போகிறது என்ற கவலை கேஷியருக்கு இல்லை. கேஷியர் மாறினாலும் பேரேடு மாறாது.

லினக்ஸ் கர்னலில் நெட்வொர்க் விஷயம் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. டிரைவர்தான் கேஷியர். ஹார்டுவேரைத் தொடுவது அது மட்டுமே. ஐபி, டிசிபி எல்லாம் கணக்குப்பிள்ளைகள். நடுவில் போகும் வவுச்சருக்கு 'எஸ்கே-பஃப்' என்று பெயர். ஒவ்வொரு பாக்கெட்டும் அதில் ஏறித்தான் பயணிக்கிறது. டிரைவர் தன்னை ஒரு 'நெட் டிவைஸ்' என்று பதிவு செய்துகொண்டு, "என்னைத் திறக்க இந்த ஃபங்ஷன், மூட இது, பாக்கெட் அனுப்ப இது" என்று ஒரு பட்டியலைக் கொடுக்கிறது. அவ்வளவுதான் ஒப்பந்தம். கார்டில் இடம் நிரம்பிவிட்டால் "கொஞ்சம் நிறுத்து" என்று டிரைவர் சொல்லும். இடம் வந்ததும் "இனி அனுப்பு" என்று சொல்லும்.

இந்தச் சுவரின் அழகு என்னவென்றால், அந்தப் பக்கம் உண்மையில் கார்டு இருக்கிறதா என்றுகூட கணக்குப்பிள்ளை கேட்பதில்லை. 127.0.0.1 என்று நமக்கு நாமே பேசிக்கொள்ளும் லூப்பேக்கும் ஒரு நெட் டிவைஸ்தான். அதற்குப் பின்னால் ஒரு கம்பியும் இல்லை. விபிஎன் போட்டால் முளைக்கிற சுரங்கமும் அப்படியே. என் போன், கேபிள் வழியாக வந்த இன்னொரு நெட் டிவைஸ். அதற்கான டிரைவர் கர்னலோடு ஏற்கனவே இருந்தது. வவுச்சர் சரியாக இருந்ததால் வேலை நடந்தது.

சரி, டாங்கிள் என்ன தப்பு செய்தது? அதன் டிரைவர் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். மலை மாதிரி கோப்புகள். டாங்கிளை இயக்கும் பகுதி அதில் கொஞ்சம்தான். சுற்றியுள்ள வைஃபைகளைத் தேடுவது, ரூட்டரோடு கைகுலுக்குவது, பாஸ்வேர்டு சரிபார்ப்பது, எந்த வேகத்தில் அனுப்பலாம் என்று முடிவெடுப்பது, எல்லாவற்றையும் அந்தக் கம்பெனி தானே தனியாக எழுதி வைத்திருந்தது. அதாவது கேஷியர் தன் பெட்டிக்குள் தனியாக ஒரு பேரேடு வைத்துக்கொண்டார். கர்னல் ஒரு இடத்தில் மாறியதும் அத்தனையும் சரிந்தது.

இது புதுக் கதையும் அல்ல. 2000களின் நடுவில் லினக்ஸில் வைஃபை நிலைமையே இதுதான். கார்டுக்கு ஒரு டிரைவர், டிரைவருக்கு ஒரு வைஃபை ஸ்டாக் என்று ஆளாளுக்கு ஒன்று. ஒன்றில் சரிசெய்த பிழை இன்னொன்றில் அப்படியே இருக்கும். டிவைஸ்ஸ்கேப் என்ற நிறுவனம் தன் வைஃபை ஸ்டாக்கை 2006ல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. அதிலிருந்து வளர்ந்த 'மேக்80211' 2007 ஜூலையில் வந்த 2.6.22 கர்னலில் சேர்ந்தது. பொது வேலை பொது இடத்துக்கு வந்தது. டிரைவர் தன் சில்லை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றானது. என் டாங்கிளைச் செய்தவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது :-)

"தப்பு லினக்ஸ் மீதுதான், அது ஏன் உள் ஒப்பந்தத்தை அடிக்கடி மாற்றுகிறது?" என்று என் வகுப்பு நண்பன் கேட்டான். கனமான கேள்வி. விண்டோஸில் மைக்ரோசாஃப்டும் 3காமும் சேர்ந்து உருவாக்கிய 'என்டிஐஎஸ்' என்ற ஒப்பந்தம் இருக்கிறது. அது எவ்வளவு தெளிவானது என்றால், 'என்டிஐஎஸ்ரேப்பர்' என்ற மென்பொருள் அந்த ஒப்பந்தத்தையும் விண்டோஸ் கர்னலின் சில ஃபங்ஷன்களையும் நடித்துக் காட்டி, விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் ஓட வைத்தது! சுவர் சுத்தமாக இருந்தால் அந்நிய தேசத்துக் கேஷியரையும் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஆனால் மாறாத ஒப்பந்தத்துக்கும் விலை உண்டு. முன்பெல்லாம் பாக்கெட் வந்ததும் கார்டு பிராசஸரைத் தட்டி எழுப்பும். கூட்டம் அதிகமானால் எழுந்து எழுந்து படுப்பதிலேயே பிராசஸரின் நேரம் போய்விடும். பிறகு 'நாப்பி' என்ற முறை வந்தது. முதல் தட்டலோடு டிரைவர் தட்டுவதை நிறுத்திவிட வேண்டும். கர்னல் தானே வந்து "எத்தனை இருக்கிறது? ஒரு நடைக்கு இவ்வளவுதான் கொடு" என்று வாங்கிக்கொள்ளும். யார் வேகத்தைத் தீர்மானிப்பது என்ற அதிகாரமே கைமாறிவிட்டது. பழைய வவுச்சர் படிவத்தைக் கடைசிவரை கட்டிக்கொண்டு அழுதிருந்தால் இது சுலபத்தில் நடந்திருக்காது. 2009ல் 2.6.29 கர்னலில் அந்த ஃபங்ஷன் பட்டியலைத் தனியாகப் பிரித்தபோதும் இதே கதைதான். கர்னலுக்குள் இருந்த டிரைவர்களைக் கர்னல்காரர்களே மாற்றினார்கள். வெளியே நின்றவர்கள்தான் ஓடி வந்து பிடிக்க வேண்டியதாயிற்று.

ஆக என் கருத்து: ஒப்பந்தம் மாறலாம். மாற்றுகிறவன் அந்த மாற்றத்தின் செலவையும் ஏற்க வேண்டும். அது நடக்க டிரைவர் கர்னலுக்குள் இருக்க வேண்டும். வெளியே வைத்து சிடியில் கொடுத்துவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விடும் கம்பெனி, தன் செலவை என் தலையில் கட்டுகிறது. காசு இருக்கிறவன் புது டாங்கிள் வாங்கிவிடுவான். சித்தப்பாவின் லேப்டாப்பை வைத்திருப்பவன் என்ன செய்வான்?

"நடுவில் அடுக்கு வைத்தால் வேகம் குறையும்" என்பார்கள். உண்மை. அதனால்தான் கர்னலையே தாண்டிப் போகும் 'டிபிடிகே' மாதிரி ஏற்பாடுகள் வந்தன. வேடிக்கை என்னவென்றால், அங்கேயும் பலவகைக் கார்டுகளுக்குப் பொதுவாக ஒரு டிரைவர் அடுக்கைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு சுவரைத் தாண்டியவர்கள் அடுத்த சுவரைத் தாங்களே எழுப்பினார்கள். சுவர் வேண்டாம் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. எங்கே கட்டுவது என்பதுதான் சண்டை.

கடைசியாக ஒன்று. சில மாதம் கழித்து மறுபடி லினக்ஸ் புதுப்பித்தது. மேசை டிராயரில் கிடந்த டாங்கிளை எதற்கோ செருகினேன். விளக்கு எரிந்தது. வைஃபை வந்தது. யாரோ முகம் தெரியாத சிலர், அதே சில்லுக்கு மேக்80211 மேல் ஒரு டிரைவர் எழுதிக் கர்னலில் சேர்த்திருந்தார்கள். குப்பைக்குப் போக வேண்டிய பொருள் இப்போது என் லேப்டாப்பில்தான் இருக்கிறது.

இனி டாங்கிள் வாங்கப் போகும் நண்பர்கள் "எத்தனை எம்பிபிஎஸ்?" என்பதற்கு முன்னால் "டிரைவர் கர்னலோடு வருகிறதா?" என்று கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

நாளைக்கு காஸ்ட் அக்கவுண்டிங் டெஸ்ட். ஒன்றும் படிக்கவில்லை. வர்ட்டா!