நான்கு வேஷத்தில் அரிசி

லண்டனில் சவ அடக்கத் தொழில் நடத்திய வில்லியம் பான்டிங், தொந்தியைக் கரைக்கப் படகு வலித்துப் பார்த்தார். பசிதான் பெருகிற்று! பிறகு ஹார்வி என்னும் வைத்தியர் சொற்படி ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கை விலக்கினார். 1862 ஆகஸ்டில் 202 ராத்தல் இருந்தவர், அடுத்த ஆண்டு செப்டம்பரில் 156-க்கு இறங்கினார்.

நம் புதுக்கோட்டையிலோ காலையில் இட்டிலி, பகலில் சோறு, மாலையில் வெள்ளைப் பணியாரம், இரவில் தோசை. நான்கு வேஷத்திலும் நடிப்பது அரிசிதான். அதைப் பாதியாக்கிப் பருப்பும் கீரையும் கூட்டலாம், பட்டினி வேண்டாம். சித்தன்னவாசல் செல்வோர் சித்திரத்தோடு திரும்பாமல் ஏழடிப்பட்டம் வரை ஏறலாம். இளைத்த தேகம் மறுபடி பருக்காதிருக்க நடை உதவும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்ஸுலினோ கொள்பவர்கள் மட்டும் வைத்தியரைக் கேளாமல் சோற்றைக் குறைக்கலாகாது. சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரக்கூடும், உயிருக்கே ஆபத்து.