எந்தப் பிராமி?

மயிலாப்பூர் மாடவீதியிலோ தியாகராயநகர்க் கடைத்தெருவிலோ மூலிகைப் பொட்டலத்தோடு வரும் தமிழரை நிறுத்தி, “கையில் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். “பிராமி” என்பார், “சங்கபுட்பி” என்பார், “அசுவகந்தா” என்பார். அது எந்தச் செடி, வேரா இலையா என்று கேட்டால் விழிப்பார். விழுங்கப் போகும் பொருளின் பெயரையே அறியாத இவ்வடிமை மயக்கத்தை என்னென்பது!

பிராமி என்னும் வடசொல் ஒரே செடியைக் குறிப்பதன்று. சிலர் அதனால் நம் வல்லாரையைக் குறிப்பர். சிலர் சேற்று நிலத்திற் படரும் நீர்ப்பிரமியைக் குறிப்பர். இரண்டும் வெவ்வேறு குடும்பத்தன. (நீர்ப்பிரமிக்கு நாமே அயற்பெயரை ஒட்டிக் கொண்டோம், அக்குறை நம்முடையது.) சங்கபுட்பியின் நிலை இன்னும் கேடு. வடக்கே அது தரையிற் படரும் ஒரு சிறு பூண்டு. கேரளத்திலோ நம் காக்கணங்கொடி. நினைவாற்றலுக்கென்று கேட்டு வாங்குகிறார்கள். காக்கணத்தின் வேரும் விதையுமோ பேதி மருந்து! புனர்நவா மூக்கிரட்டையா, சாரணையா? விற்பவர்க்கும் ஐயம். அசுவகந்தா என்று ஆரவாரமாய் விற்கப்படுவது நம் அமுக்கராவே.

இது வெறும் மொழிவெறி என்று நகைப்பாரும் உளர். அவர்க்கு ஒன்று சொல்வோம். கொரோனாத் தொற்றுக் காலத்தில் ‘கிலோய்’ என்று வடக்கே விற்ற கொடியை உண்டு கல்லீரல் கெட்ட ஆறு நோயாளரைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினர். கிலோய் என்பது நம் சீந்தில். சீந்திலைப் போன்ற வேறு கொடியை மாற்றி உண்டிருக்கலாம் என்று நடுவணரசின் ஆயுசு அமைச்சகம் மறுத்தது. ஆளறியாமல் மருந்துண்டால் வழக்கு இப்படித்தான் முடியும்!

ஆயினும் நம்மவர்க்கும் ஒரு கடுஞ்சொல் உண்டு. 2022-இல் பல நகர மருத்துவர்கள் 43 நோயாளரை ஆய்ந்து, உண்மையான சீந்திலே தீங்கு செய்ததெனக் காட்டினர். எனவே “தமிழ் மருந்து, தீங்கே செய்யாது” என்று மார்தட்டுவதும் மடமையே. அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உண்டால் குருதியழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். அமுக்கராவைக் கருவுற்ற மகளிர் தொடலாகாது; தைராய்டு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. புதிதாய்த் தொடங்குவோர் ஒரு நேரத்தில் ஒரே மூலிகையை, தேர்ந்த சித்த மருத்துவர் சொன்ன அளவில் உண்க. ஆங்கில மருத்துவரிடம் அதனை மறையாது சொல்க. சிறுநீரோ கண்ணோ மஞ்சளித்தால் அன்றே நிறுத்தி மருத்துவமனைக்கு ஓடுக.

திருவான்மியூர் இறைவனை ‘ஔடதீசுவரர்’ என்போர் என்னட்டும். மருந்தீசன் என்பதே மக்கள் நாவில் நிற்கும் பெயர். 1944-இல் தொடங்கிய இந்திய மருத்துவர் கூட்டுறவு மருந்தகம் இன்று இயங்குவதும் அவ்வூரிலேயே. மயிலையிலோ அடையாற்றிலோ எக்கடையில் வாங்கினும், தமிழ்ப்பெயர், செடிநூற்பெயர், வேரா இலையா என்னும் மூன்றையும் பொட்டலத்தின்மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், வாங்காமல் திரும்புங்கள்.