மணல் குழியை எங்கே வெட்டுறது?

டாக்குரியாவுக்குக் குடிவந்து 11 வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமைன்னா லேக்கைச் சுத்தி ஒரு நடை, லேக் மார்க்கெட்ல முருங்கைக்காய், வாழைப்பூன்னு வாழ்க்கை ஒழுங்காத்தான் போயிட்டிருந்தது. நாலு வருஷம் முன்னாடி ஆபீஸ் கிளையண்ட் ஒருத்தர் கோல்ஃபுக்கு இழுத்துட்டுப் போனார், ஒட்டிக்கிச்சு. அப்புறம் தங்கமணிக்கும் ஒட்டிக்கிச்சு. "தொரைமார் விளையாட்டு நமக்கெதுக்குடா"ன்னு அப்பா ஊர்ல இருந்து இன்னும் கேட்டுட்டுத்தான் இருக்கார்.

இப்ப விஷயம் என்னன்னா, நாங்க போற கிளப்புல (பேர் வேணாம், அடுத்த வாரமும் உள்ளே விடணும்) கோர்ஸ் ரொம்ப சுலபமா இருக்காம். மூணு இடத்துல புதுசா பங்க்கர் வெட்டப் போறாங்களாம். ஈழத்து நண்பர்களுக்கு பங்க்கர்னா வேற ஞாபகம் வரும். இது அது இல்லை, பந்து விழுந்தா சிக்கிக்கிற மணல் குழி. அதை அடிக்கிற இடத்துலேர்ந்து 130 கஜத்துல, பாதையைக் குறுக்கே அடைச்ச மாதிரி வெட்டணும்னு வரைபடம் போட்டிருக்காங்க. பார்க்க அழகாத்தான் இருக்கு. வில்லா விக்கிறவங்க நோட்டீஸ்ல வர்ற பச்சையும் வெள்ளையுமான படம் மாதிரியே.

ஆனா 130 கஜத்துல யார் பந்து விழும்? 25 வயசுப் பையன் அடிச்சா 230, 250ன்னு தலைக்கு மேல பறந்துடும். அங்கே விழறது 72 வயசு ரிட்டயர்டு பேங்க் தாதா பந்து (இங்கே தாதான்னா அண்ணன், பயப்படாதீங்க). பெண்கள் அடிக்கிற இடம் கொஞ்சம் முன்னாடி இருந்தாலும் தங்கமணி பந்தும் கிட்டத்தட்ட அங்கேதான். நான் சரியா அடிக்காத நாள்ல நானும் அங்கேதான். சரியா அடிக்காத நாள்தான் எனக்கு ஜாஸ்தி. ஆக, கஷ்டப்படுத்த நினைச்சது யாரை, கஷ்டப்படப் போறது யாரு?

மணல் குழியே வேணாம்னு நான் சொல்லலை. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்துல 17-வது குழிக்குப் போற வழியில, கிரீன் ஓரமா ஒரு சின்ன ஆழமான பங்க்கர் இருக்கு. 1978 பிரிட்டிஷ் ஓப்பன்ல ஜப்பானோட டாமி நகஜிமா ரெண்டே அடியில கிரீனுக்கு வந்துட்டார். அங்கேர்ந்து மெதுவா உருட்டின பந்து சரிவுல இறங்கி அந்தக் குழிக்குள்ள போயிடுச்சு. வெளியே எடுக்க நாலு அடி. மொத்தம் 9. குழி பெருசே இல்லை, அது இருக்கிற இடமும் பக்கத்துச் சரிவும்தான் ஆளைக் கவுத்துச்சு. அதே மைதானத்துல 112 பங்க்கர். 2000-ல டைகர் வுட்ஸ் நாலு நாளும் ஆடி ஒண்ணுல கூட விழாம ஜெயிச்சார். அந்தப் பக்கம் போகாம சுத்திப் போறதுக்கும் அங்கே வழி உண்டு, யோசிச்சு அடிக்கணும் அவ்வளவுதான். பாதையையே அடைச்சு வெட்டினா யோசிக்க என்ன இருக்கு?

இன்னொண்ணு, அது கடலோர மணல் பூமி. காத்துக்கு ஆடுங்க ஒதுங்கின பள்ளம்தான் பங்க்கர் ஆச்சுன்னு சொல்லுவாங்க. நம்மது களிமண், வருஷத்துக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல மழை. ஆடி ஆவணியில பங்க்கர் எல்லாம் குட்டை ஆயிடும். தண்ணியை இறைக்கிறது, சரிஞ்ச மணலை அள்ளிப் போடறது எல்லாம் மாலிங்கதான். கால் தடத்தை அழிக்கிறது பெரும்பாலும் கேடி பையன். வரைபடம் போட்டவர் கையில வாளியை யாரும் தரப் போறதில்லை.

இந்த ஊருக்குன்னு ஒரு வழி ஏற்கெனவே இருக்கு. நான் நடக்கிற லேக்கே 1920-கள்ல கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் ட்ரஸ்ட் தோண்டினதுதான். சுத்தி இருந்த சதுப்பு நிலத்தை மேடாக்கி வீடு கட்டினாங்க. டாலிகஞ்ச்ல இருக்கிற ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்லயும் (1829-ல டம்டம்ல ஆரம்பிச்சது) இதே கதை. தட்டை நிலத்துல குளம் வெட்டி, அந்த மண்ணுல மேடு கட்டியிருக்காங்க. அங்கே ஆளை மிரட்டுறது முக்கியமா குளம்தான். அந்த கிளப்புல புல்தரை பார்த்துக்கிட்டவரோட பையன் எஸ்.எஸ்.பி. சௌராசியா 2016, 2017 ரெண்டு வருஷமும் இந்தியன் ஓப்பன் ஜெயிச்சார். பலமா அடிச்சுப் பேர் வாங்கினவர் இல்லை, கிரீன் பக்கத்துல நுணுக்கமா ஆடறவர்.

அதனால நான் கேக்கப் போறது இதான். குழியை 230 கஜத்துக்குத் தள்ளுங்க, வலது ஓரமா ஒண்ணு போதும். கிரீனுக்கு நேரா போற கோணம் அந்தப் பக்கத்துலதான் இருக்கு. தூரமா அடிக்கிறவன் அதை ஒட்டிப் போனா அடுத்த அடி சுலபம், பயந்தா இடது பக்கம் போகட்டும். தாதா எப்பவும் போல நேரா நாலு அடியில வந்து சேருவார்.

வர்ற ஞாயித்துக்கிழமை கமிட்டி மீட்டிங். நான் இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கேன். தங்கமணி படிச்சுப் பார்த்துட்டு, "நீங்க பேசாம உக்காருங்க, நான் பெங்காலியில பேசிக்கறேன்"ன்னு சொல்லிட்டா.