அனாடமி சாஃப்ட்வேர்: பணம் கட்டும் முன்...

நர்சிங், பிசியோதெரபி சேர்ந்த பிள்ளைகள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அனாடமி சாஃப்ட்வேர் கேட்பது இப்போது சகஜம். 'கம்ப்ளீட் அனாடமி' போன்றவை அருமையானவைதான். ஆனால், சந்தா கட்ட வேண்டும். துடிக்கும் இதயத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். ட்ரையலில் பைசெப்ஸ் தசையை க்ளிக் செய்யுங்கள். பெயரோடு, அது தோள்பட்டை எலும்பில் தொடங்கி முன்கையின் ரேடியஸ் எலும்பில் முடிகிறது, மஸ்குலோகுட்டேனியஸ் நரம்பு இயக்குகிறது என்பதும் வருகிறதா? தேர்வில் கேட்பது அதைத்தான்.

பழைய கம்ப்யூட்டர் என்றால் 3டி உருவத்தைத் திருப்பும்போதே திணறும். முதலில், ப்ரவுசரிலேயே திறக்கும் 'சைகோட் பாடி'யில் சோதித்துப் பாருங்கள் (2010-ல் 'கூகுள் பாடி'யாக வந்தது இதுதான்). அதுவே நின்று நின்று ஓடினால், சந்தாவைத் தள்ளிப்போடுங்கள். செலவே வேண்டாம் என்பவர்களுக்கு 'இசட்-அனாடமி' இருக்கிறது. ஜப்பானின் 'பாடிபார்ட்ஸ்3டி' மாடல்களை வைத்து உருவானது, இலவசம். பளபளப்பு கொஞ்சம் குறைவு, பழகச் சில நாள்கள் ஆகும்.