முதற் பிழையை முதலில் பார்ப்போம்

ஒரே வகுப்பில் இரண்டு மேரிகள் இருந்தால் ஆசிரியை என்ன செய்வார்? "மேரி, எழுந்திரு" என்றால் இருவரும் எழுவர். ஆகவே பெயரோடு முதலெழுத்தையும் சேர்த்து அழைப்பார். இச்சிறு செய்தி விளங்கினால், கணிப்பொறிப் பாடத்தில் மாணவியரைக் கலங்க வைக்கும் ஒரு தொல்லையும் விளங்கிவிடும்.

சி++ மொழியில், பிறர் எழுதி வைத்த வசதிகளைத் தலைப்புக் கோப்புகள் வழியாக நம் நிரலுக்குள் வரவழைக்கிறோம். இரு கோப்புகள் ஒரே பெயரைச் சுமந்து வந்தால் கம்பைலர் திகைத்து நின்றுவிடும். 2017ஆம் ஆண்டுத் தரத்தில் 'பைட்' என்னும் பெயர் நிலையான நூலகத்தில் சேர்ந்தது. விண்டோஸ் கோப்புகளிலோ அப்பெயர் முன்னரே இருந்தது. 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' என்று எழுதி நூலகத்தின் பெயர்களையெல்லாம் முதலெழுத்தின்றிப் புழங்கவிட்டவர்கள் புதிய தரத்துக்கு மாறியதும், நன்றாக ஓடிய நிரல்களும் நின்றன. "எந்த பைட்?" என்பதே கம்பைலரின் கேள்வி.

இக்கேள்வி திரையில் ஒரு வரியாக வருவதில்லை. ஐம்பது வரிகளாகக் கொட்டும். குற்றாலத்தில் அருவி கலங்கி விழுந்தால், காரணத்தைக் குளிக்கும் இடத்தில் தேடுவோமா? மேலே மலையில் அல்லவா மழை! முதற் கோணல் முற்றும் கோணல். முதற் பிழைச் செய்தியையும், அது சுட்டும் கோப்பையும், வரி எண்ணையும் பாருங்கள். கடைசியாகச் சேர்த்த தலைப்புக் கோப்பை நீக்கிப் பாருங்கள். பெயருக்கு முன் 'எஸ்டிடி' என்னும் முதலெழுத்தை இடுங்கள். சொந்தக் கோப்புக்கு 'ஸ்ட்ரிங்.எச்' போன்ற நூலகப் பெயரைச் சூட்டாதீர்கள்.

ஐம்பது வரிகளைக் கண்ட மாணவி ஐம்பது தவறு செய்துவிட்டதாக எண்ணி, "கணிப்பொறி எனக்கு வராது" என்று ஒதுங்குகிறாள். உண்மையில் இருப்பது பெரும்பாலும் ஒரே சிக்கல். இதற்கு நம் பயிற்சி முறையும் காரணம் என்பேன். ரெக்கார்டு நோட்டில் சரியான நிரலும் சரியான விடையும் மட்டுமே இடம்பெறுகின்றன. பிழைக்கு அங்கே இடமில்லை. பார்த்து எழுதும் கை பழகுகிறது. பிழை தேடும் கண் பழகுவதில்லை.

ஆகவே, ஒவ்வொரு பயிற்சிக்கும் எதிர்ப்பக்கத்தில் வந்த பிழை, அதன் காரணம், தீர்த்த விதம் மூன்றையும் எழுதச் சொல்லி, அதற்கும் மதிப்பெண் தர வேண்டும். தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் 2011இலேயே ஸோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. மென்பொருள் வேலை நம் ஊருக்கே வந்துவிட்டது. அவ்வேலையில் பெரும்பகுதி பிழை தேடுவதே. பெற்றோரே, உங்கள் மகளின் திரையில் சிவப்பு வரிகளைக் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். "முதல் வரி என்ன சொல்கிறது, அம்மா?" என்று கேளுங்கள். தோழியரே, கம்பைலர் நம்மைத் திட்டவில்லை, விளக்கம் கேட்கிறது. அஞ்சாமல் விடை சொல்வோம்!